முழங்கால் வலியும் சாளைக் குழம்பும்

மாடிப்படி இறங்கும்போதுதான் வலது முழங்கால் முதலில் முரண்டு பிடித்தது. எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அப்போது எனக்கு வயது 57, எடை 81 கிலோ. வலி மாத்திரை எழுதிய மருத்துவர், "எடையைக் குறையுங்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது; வலி காலில், குற்றம் சோற்றிலா?

முதல் மாதம் மஞ்சள் பால் மட்டும் குடித்தேன், அதுவும் சர்க்கரை போட்டு, மாலை பஜ்ஜியையும் விடாமல். ஒரு பலனும் இல்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற வேதிப்பொருளை உடல் எளிதில் உறிஞ்சாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன்பின் தட்டையே மாற்றினேன். நாகர்கோவில்காரனுக்கு மீன் புதிதல்ல. பொரித்துத் தின்றதைக் குழம்பாக்கினேன், அவ்வளவுதான். வாரம் மூன்று நாள் சாளை (மத்தி) அல்லது அயிலை (கானாங்கெளுத்தி). அழற்சியைத் தணிக்க உதவும் ஒமேகா-3 கொழுப்பு இவற்றில் நிறைய உண்டு. சோறு பாதியாகி, முருங்கைக்கீரையும் சிறுபயறும் அந்த இடத்தைப் பிடித்தன. பேக்கரிப் பக்கம் போகாமல் இருந்ததுதான் பெரும்பாடு.

எட்டு மாதத்தில் 7 கிலோ குறைந்தது. ஒரு கிலோ இறங்கினால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை சுமார் 4 கிலோ இறங்கும். ஆகவே பலன் மீனால் வந்ததா, இளைத்ததால் வந்ததா, தினமும் செய்த தொடைத்தசைப் பயிற்சியால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரவில்லை. காலை விறைப்பு ஐந்து நிமிடத்தில் விடுகிறது, மாத்திரை மாதம் இரண்டோடு நிற்கிறது. சம்மணமிட்டு உட்காருவது மட்டும் இன்னும் கைகூடவில்லை.