நுவார் டை கட்டும்போது எங்கே சறுக்குகிறோம்

நுவார், அதாவது நிழலும் குற்றமும் நிறைந்த கறுப்பு வெள்ளைப் படங்களில் வரும் 1940களின் அமெரிக்கத் துப்பறிவாளன் வேடம் என்றால் பலரும் முதலில் தேடுவது ஒல்லியான கறுப்பு டையைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1941இல் 'தி மால்டீஸ் ஃபால்கன்' என்ற துப்பறியும் படம் வந்தது முதல் அந்தப் பத்தாண்டு முடியும்வரை டை அகலமாகத்தான் இருந்தது. அடிப்பக்கம் 4 அங்குலம் சர்வசாதாரணம். போர் முடிந்ததும் இன்னும் விரிந்தது. கையால் ஓவியம் தீட்டிய டைகள்கூட வந்தன. ஒல்லி டை பரவியது 1950களில். இரண்டையும் ஒரே கதையில் கலந்தால் காலமே குழம்பிவிடும்.

நீளத்தை யாருமே கவனிப்பதில்லை. எனக்கு மிகவும் மனத்தாங்கல் தருவது இதுதான். அன்றைய பேன்ட்டின் இடுப்பு தொப்புள்வரை ஏறி நின்றது. அதற்கேற்ப டையும் குட்டை. இன்றைய டையைவிட ஐந்தாறு அங்குலம் குறைவு. அதை இப்போதைய லோ-வெய்ஸ்ட் பேன்ட்டோடு கட்டினால் நடுவில் சட்டை பளிச்சென்று தெரியும். உடனே நீள டை வாங்க ஓடாதீர்கள். மாற்ற வேண்டியது பேன்ட்டை. கையில் இருப்பது நீள டைதான் என்றால், பின்வாலை நீளமாக விட்டுக் கட்டி, அந்த வாலைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள்.

படம் கறுப்பு வெள்ளை என்பதால் டையும் கறுப்பாகத்தான் இருந்திருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஒரு மெரூன் டையையும் அடர்பச்சை டையையும் பக்கத்தில் வைத்து, செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். கண்ணுக்குப் பிரிந்து தெரிவது கோடும் பூவேலையும்தான். அதனால் டிசைன் பெரிதாக இருக்கட்டும்.

துணியிலும் கவனம் வேண்டும். 1941இல் ஜப்பானியப் பட்டு வரத்து நின்றது. இருந்த கச்சாப் பட்டு ராணுவத்துக்குப் போனது. டைக்கு ரேயான் கைகொடுத்தது. அது துவண்டு, மெத்தென்று விழும். இன்றைய பாலியெஸ்டர் சாட்டின் அப்படி விழாது; பக்கவாட்டில் ஒற்றை விளக்கு பட்டதும் நெஞ்சில் வெள்ளைக் கீற்றாக மின்னி, முகத்தைப் பார்க்கவிடாது.

கடைசியாக, முதல் காட்சியிலேயே டையைத் தளர்த்திக்கொண்டு வராதீர்கள். தொடக்கத்தில் முடிச்சு சிறியதாக, காலரை ஒட்டி இறுக்கமாக நிற்கட்டும். துப்பறிவாளன் ஏமாந்துபோனது அவனுக்கே உறைக்கும் அந்த இரவில், ஆள்காட்டி விரலை முடிச்சுக்குள் விட்டு இரண்டு விரற்கடை கீழே இழுக்கட்டும்.