முரண்நகையும் ஆங்கில வாக்கிய அமைப்பும்: ஒரே கதையில் கற்கலாம்

ஆங்கிலம் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது, 1905இல் வெளியான, அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை’ என்ற கிறிஸ்துமஸ் பரிசுக் கதையைத்தான். முரண்நகை (ஆங்கிலத்தில் ‘ஐரனி’), வாக்கிய அமைப்பு இரண்டுமே அதில் பிடிபட்டுவிடும்.

முதல் படி: கதையைத் தமிழில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டெல்லாவிடம் இருப்பது 1 டாலர் 87 சென்ட். முழங்காலுக்குக் கீழே இறங்கும் தன் கூந்தலை 20 டாலருக்கு விற்று, கணவன் ஜிம்மின் கடிகாரத்துக்கு 21 டாலரில் பிளாட்டினச் சங்கிலி வாங்குகிறாள். ஜிம்மோ, தாத்தா காலத்திலிருந்து வந்த அந்தக் கடிகாரத்தை விற்று, அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கி வருகிறான்.

இரண்டாம் படி: இரண்டு கேள்விகள் கேளுங்கள். என்ன நினைத்துச் செய்தார்கள்? என்ன நடந்தது? இரண்டும் எதிரெதிராக நின்றால் மட்டும் போதாது. சங்கிலி வழியில் தொலைந்திருந்தால் அது வெறும் துரதிர்ஷ்டம். இங்கே எந்த அன்பு பரிசு வாங்க வைத்ததோ, அதே அன்புதான் அந்தப் பரிசைப் பயனில்லாமல் செய்கிறது. அதுதான் முரண்நகை. நிறையப் பேர் தடுமாறும் இடம் இது, நிதானமாக யோசியுங்கள்.

மூன்றாம் படி: சரி, இப்போது ஆங்கிலம். ‘டெல்லா சோல்ட் ஹர் ஹேர்’, அதாவது டெல்லா தன் கூந்தலை விற்றாள். தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வந்துவிடும், செயப்படுபொருள் அப்புறம்தான். அதன் கீழே ‘ஜிம் சோல்ட் ஹிஸ் வாட்ச்’ (ஜிம் தன் கடிகாரத்தை விற்றான்) என்று எழுதுங்கள். அச்சு ஒன்றுதான், விற்ற பொருள் மட்டும் வேறு. கதையின் முரண் அந்த இரண்டு வரிகளிலேயே தெரிகிறது, பாருங்கள்!

இன்னும் இரண்டு அமைப்புகள்: ‘டெல்லா கிரைட்’ (டெல்லா அழுதாள்) என்பதில் எழுவாயும் வினையும் மட்டுமே. ‘டெல்லா வாஸ் புவர்’ (டெல்லா ஏழையாக இருந்தாள்) என்பதில் கடைசிச் சொல் அவள் நிலையைச் சொல்கிறது.

நான்காம் படி: ‘ஜிம் கேவ் டெல்லா தி கோம்ஸ்’, அதாவது ஜிம் டெல்லாவுக்குச் சீப்புகளைக் கொடுத்தான். தமிழில் ‘டெல்லாவுக்கு’ என்ற உருபு இருப்பதால் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் வாங்கியவள் டெல்லாதான். ஆங்கிலத்தில் அந்த வேலையை இடம் செய்கிறது. இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் கொடுத்தவள் டெல்லா ஆகிவிடுவாள்!

கடைசியில் சங்கிலியைப் பார்த்து ஜிம் புன்னகைக்கிறான். ‘ஜிம் ஸ்மைல்ட்.’ ஏன் புன்னகைத்தான்? மேலே பார்த்த அமைப்புகளில் மூன்று ஆங்கில வாக்கியங்கள் எழுதிப் பாருங்கள்.