லைஃப் ஜாக்கெட்டைத் தோளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்

படகுத்துறையில் தரும் லைஃப் ஜாக்கெட்டைச் சட்டை போல மாட்டிக்கொண்டால் போதாது. கிளிப் பூட்டாத ஜாக்கெட் தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேலே கழன்று போய்விடும்.

முதலில் உள்பக்கம் அச்சிட்டிருக்கும் எடை அளவைப் பாருங்கள். பெரியவர் ஜாக்கெட் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. சின்னக் குழந்தைக்குக் கால்களுக்கு இடையே போகும் பட்டை கட்டாயம். உள்ளே மிதக்கவைக்கும் ஃபோமை விரலால் அழுத்துங்கள். பள்ளம் எழும்பாவிட்டால், துணி கிழிந்திருந்தால், வேறு கேளுங்கள். எல்லாக் கிளிப்பையும் 'டக்' என்று சத்தம் வரும்வரை பூட்டி, பக்கப் பட்டைகளை இறுக்குங்கள். பிறகு போட்டிருப்பவரைக் கைகளைத் தூக்கச் சொல்லி, இரு தோள்பட்டையையும் மேலே இழுங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டினால் தொளதொளப்புதான், இன்னும் இறுக்குங்கள். புடவை, துப்பட்டாவெல்லாம் ஜாக்கெட்டுக்கு உள்ளே போகட்டும். செல்ஃபிக்காகக் கழற்றுவதுதான் பெரிய வம்பு!

படகில் நடுவில் கால்வைத்து ஏறி, உடனே உட்காருங்கள். எதையாவது பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. 2009 தேக்கடி விபத்தில் 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

கவிழ்ந்த படகு மிதந்தால் அதையே பிடித்துக்கொண்டிருங்கள். கரை பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும், நீந்திப் போக நினைக்காதீர்கள்.