சைடு ஸ்டாண்டில் மோட்டார்சைக்கிளை நிறுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் பலமாடி வாகன நிறுத்துமிடங்களில் மோட்டார்சைக்கிள்களுக்கு ஒதுக்கப்படும் இடம் குறுகலானது என்பதால், வலப்பக்கம் சரியும் ஒரு வண்டி அடுத்த வண்டியையும் தள்ளிச் சாய்த்து, வரிசையாகப் பலருக்குச் செலவு வைத்துவிடக்கூடும். இந்தச் சரிவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், வண்டி எந்தக் கோணத்தில் சாய்ந்து நிற்கிறது என்பதை யாரும் கவனிக்காததுதான்.

முன் டயர், பின் டயர், ஸ்டாண்டின் பாதம் ஆகிய மூன்றும் தரையில் ஒரு முக்கோணத்தை அமைக்கின்றன. வண்டியின் எடை மையம் அந்த முக்கோணத்துக்கு உள்ளே, டயர்களை இணைக்கும் கோட்டிலிருந்து போதிய அளவு இடப்பக்கம் தள்ளி விழுந்தால்தான் வண்டி உறுதியாக நிற்கும். பொதுவாக 10 முதல் 15 பாகை வரையிலான சாய்வு அந்த இடைவெளியைத் தந்துவிடுகிறது. நேராக நிற்கும் வண்டியே பத்திரமானது என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் வண்டியை யாரோ ஒருவரின் பை இடப்பக்கமிருந்து உரசினாலே அது வலப்பக்கம் போய்விடும். அந்தப் பக்கத்தில் அதைத் தாங்க ஒன்றுமில்லை.

கால் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும் என்பதற்காக வண்டியின் உயரத்தைக் குறைப்பவர்கள் இதை அதிகம் எண்ணிப்பார்க்க வேண்டும். ஸ்டாண்டின் பாதம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருப்பதாகவும், சாய்வு 12 பாகை என்றும் வைத்துக்கொண்டால், முன்னும் பின்னும் 2.5 செ.மீ. இறக்கியதும் சாய்வு 6 பாகையளவுக்குக் குறைந்துவிடும், அதாவது ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே வண்டியை இறக்கினால், ஸ்டாண்டையும் அதற்கேற்பக் குட்டையாக்கியே தீர வேண்டும். உயரமான டயர் மாட்டுவது, பின்னிருக்கைப் பயணிக்காகப் பின் ஸ்பிரிங்கை இறுக்குவது ஆகியவை சாய்வைக் கூட்டிவிடும்.

தரையும் இந்தக் கணக்கில் சேரும். நீர் வடிவதற்காகச் சற்றுச் சரித்துப் போடப்பட்ட தளத்தில், இடப்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தினால், தரையின் சரிவு அளவுக்கு வண்டி நிமிர்ந்துவிடுகிறது. அப்போது வண்டியை எதிர்த்திசைக்குத் திருப்பி நிறுத்தினாலே போதும். பெரும்பாலான ஸ்டாண்டுகள் பின்புறமாக மடங்குவதால், முன்சக்கரம் இறக்கத்தை நோக்கியிருக்க, கியர் நியூட்ரலில் இருந்தால், வண்டி சிறிது முன்னே உருண்டதும் ஸ்டாண்டு மடங்கிக்கொள்ளும். ஏற்றத்தை நோக்கி, முதல் கியரில், கைப்பிடியை இடப்பக்கம் திருப்பிப் பூட்டி நிறுத்துவதே சரியான முறை. கியர் இல்லாத ஸ்கூட்டருக்குச் சமதரையும் நடு ஸ்டாண்டும்தான் நல்லது.

திறந்தவெளி நிறுத்துமிடத்தில் நண்பகல் வெயிலில் தார் இளகுவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஸ்டாண்டின் சிறிய பாதம் சில மணி நேரத்தில் தாரில் குழி பறித்து இறங்க, வண்டி மெல்ல மெல்ல இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். மழையில் ஊறிய புல்தரையிலும் இதே கதைதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டையான பிளாஸ்டிக் அல்லது உலோகத் தகட்டைப் பாதத்துக்கு அடியில் வைத்தால் எடை பரவிவிடும். அதை இருக்கைக்கு அடியில் எப்போதும் வைத்திருப்பது நல்லது.

உணவு விநியோகப் பெட்டியில் பொருள்களை நிரப்பியபடி வண்டியை விட்டுச் செல்வதும் தவறு, ஏனெனில் உயரத்தில் ஏறிய எடை, வண்டி கவிழத் தேவையான விசையைக் குறைத்துவிடுகிறது. வண்டிக்கு உறை போடுபவர்கள், விடியலுக்கு முன்பிருந்து நண்பகல் வரையிலான நேரத்தில் மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் வீசும் சுமத்ரா சூறைக்காற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். உறையைச் சக்கரங்களோடு இறுக்கிக் கட்டாவிட்டால் காற்று அதைப் புடைக்கச் செய்து வண்டியையே தள்ளிவிடும்.

சைடு ஸ்டாண்டின் மேல் நிற்கும் வண்டியில் இருவர் ஏறி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது பலருக்கு வழக்கம். அந்த எடை ஸ்டாண்டின் மூட்டு ஆணியைத் தேய்க்கிறது. ஆணி தளரத் தளரச் சாய்வும் கூடுகிறது. சர்வீஸுக்கு விடும்போது ஸ்டாண்டின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்: ஆட்டம் தெரிந்தாலோ, ஸ்பிரிங் இழுவை இழந்திருந்தாலோ, கிரீஸ் தடவுவதோடு நின்றுவிடாமல் ஆணியையும் ஸ்பிரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள்.