சுஷி கடையில் வாடிக்கைக்காரர் ஆவது எப்படி

டோக்கியோவில் குடியிருப்புப் பகுதி ஒன்றுக்கு வீடு மாறினால், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் வழியில் சின்ன சுஷி கடை (வினிகர் கலந்த சாதத்தின் மேல் மீன் வைத்துத் தரும் கடை) இருக்கிறதா என்று பாருங்கள். தட்டுகள் சுற்றிவரும் பெரிய கடையைச் சொல்லவில்லை. வாசலில் துணித்திரை, உள்ளே நீள மர மேடை, அதன் முன் ஏழெட்டு நாற்காலி, பின்னால் சமையல்காரர். அவரை எல்லோரும் 'தாய்ஷோ' என்பார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம். வெளியிலிருந்து எதுவும் தெரியாததால் பலர் தயங்கித் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையே இல்லை.

முதல் தடவை மதியம் போங்கள். மதிய செட் இருந்தால் விலை எழுதியிருக்கும். நாமி (சாதாரணம்), ஜோ (உயர்தரம்), தொகுஜோ (மிக உயர்தரம்) என்று மூன்று தரம் இருந்தால் நாமியே போதும். புதனும் ஞாயிறும் வேண்டாம். டோக்கியோவின் பெரிய மொத்தச் சந்தையான தொயோசு மீன் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை, புதனும் பல வாரங்களில் விடுமுறை, அதனால் கடையும் பூட்டியிருக்கலாம்.

அடுத்து ஒரு மாலை, கடை திறந்ததும் போய் மேடை முன்னாலேயே உட்காருங்கள். சென்ட் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் மீனின் மணம் கெட்டுவிடும்.

இனிதான் முக்கியம். வைத்த சுஷியை உடனே சாப்பிடுங்கள். சாதம் கை சூட்டில் இருக்கும், மீன் லேசாகக் குளிர்ந்திருக்கும். அந்த வித்தியாசம் வாயில் தெரியத்தான் தாய்ஷோ அவ்வளவு பாடுபடுகிறார். போட்டோ எடுத்து, கோணம் மாற்றி, மறுபடி எடுப்பதற்குள் அது போய்விடும். கையால் சாப்பிடலாம், தப்பில்லை. சோயா சாஸை மீன் பக்கம் தொடுங்கள், சாதம் பக்கம் தொட்டால் உதிர்ந்துவிடும். வசாபி என்ற காரமான பச்சை விழுதைப் பெரும்பாலும் உள்ளேயே வைத்திருப்பார். வேண்டாமென்றால் 'சாபி நுகி' என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் பழகியதும் 'கொஹாதா' கேளுங்கள். வெள்ளியாய் மின்னும் சின்ன மீன். உப்பிட்டு, வினிகரில் ஊறவைப்பார்கள். மீனின் பருமன், கொழுப்பு, அன்றைய வெப்பம் எல்லாம் பார்த்து ஊறும் நேரத்தை மாற்ற வேண்டும். விலை உயர்ந்த தூனா (சூரை) மீனைவிட இதில்தான் ஒருவரின் கைப்பக்குவம் தெரியும் என்பது என் கருத்து. நன்றாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பக்கத்து நாற்காலிக்காரர்கள் முதல் நாளே பேச மாட்டார்கள். தலையசைத்து வணக்கம் சொன்னால் போதும், பேச்சு தானாக வரும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஊருக்குப் போய் வந்தால் தாய்ஷோவுக்கு ஒரு டப்பா இனிப்பு கொடுங்கள்.

கடைசியாக கன்ப்யோ மாகி. சுரைக்காயை நாடாவாகச் சீவி, காயவைத்து, சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்து, சாதத்தோடு கடற்பாசித் தாளில் சுருட்டியது. நான் எப்போதும் அதோடுதான் முடிப்பேன். அப்புறம் தேநீர். நாற்காலி எல்லாம் நிறைந்திருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால், தேநீரை முடித்து இடம் விடுங்கள். அங்கே வழக்கமாக வருகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். தாய்ஷோ அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்.