செகண்ட் ஹேண்ட் ஈகோஸ்போர்ட்: எந்த இன்ஜின் என்று முதலில் கேளுங்கள்

ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கலரையும் கிலோமீட்டரையும்தான் முதலில் சொல்வார்கள். "அண்ணே, வெள்ளைக் கலர், சிங்கிள் ஓனர், அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு, விலையும் கம்மியாதான் சொல்றாங்க." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த இன்ஜின்? பாதிப் பேருக்குத் தெரியாது. பெட்ரோல் என்பார்கள். ஈகோஸ்போர்ட்டில் பெட்ரோல் என்றால் மூன்று வெவ்வேறு இன்ஜின்களில் எதுவாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று விதமான செலவு.

நான் தாம்பரத்தில் 2016 மாடல் டீசல் ஒன்றை வைத்து ஓட்டுகிறேன். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் வண்டி பார்க்கக் கூடப் போவேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை.

வண்டியின் கதை சுருக்கமாக. 2013 ஜூனில் 5.59 லட்சம் ஆரம்ப விலையில் வந்தது, மறைமலை நகரில் தயாரானது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. ஏற்றுமதி ஆர்டருக்காக மட்டும் மறைமலை நகர் ஆலை 2022 ஜூலை வரை ஓடியது. அங்கே மறுபடி இன்ஜின் தயாரிக்கப் போவதாக 2025இல் அறிவிப்பு வந்திருக்கிறது, அதுவும் ஏற்றுமதிக்குத்தான். "ஃபோர்டு திரும்ப வருது சார், விலை ஏறப்போகுது" என்று கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடையில்) யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

வண்டிக்கு முன்னால் மெக்கானிக்

ஓடிக்கொண்டிருக்கும் மாடல் என்றால் வண்டியை வாங்கிவிட்டு சர்வீஸ் சென்டரைத் தேடலாம். நின்றுபோன மாடலுக்கு வரிசை தலைகீழ். உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில், ஃபோர்டு டீலரிடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து தனியாக கேரேஜ் வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் கிடைப்பார்கள். ஃபோர்டின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்களும் முழுக்க மறைந்துவிடவில்லை. உங்கள் ஊரில் இரண்டுமே இல்லை என்றால் இந்த வண்டியே வேண்டாம்.

பார்ட்ஸ் கிடைக்குமா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். பயம் தப்பான இடத்தில் இருக்கிறது. இன்ஜின் சாமான், ஃபில்டர், பிரேக் பேடு, கிளட்ச் இவையெல்லாம் பெரிய கவலை இல்லை, அதே 1.5 டீசல் இன்ஜின் ஃபோர்டின் ஃபிகோ, ஆஸ்பயர் கார்களிலும் வந்தது. வெளி மார்க்கெட்டிலும் ஓடுகிறது. மாட்டிக்கொள்வது பாடி பார்ட்ஸிலும் எலக்ட்ரானிக்ஸிலும்: ஹெட்லைட், பம்பர், பின்கதவு, டச் ஸ்கிரீன். இவை ஈகோஸ்போர்ட்டுக்கு மட்டுமே உரியவை. புதிது கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் கழற்றிய சாமானைத் தேட வேண்டும், அதற்கும் நாளாகும். ஆகவே பம்பர் உடைந்து, ஹெட்லைட் கிளிப் போன வண்டியை "சும்மா மாத்திக்கலாம் சார்" என்று தந்தால், அந்தச் சாமானை அவரையே வாங்கித் தரச் சொல்லுங்கள். பேச்சு உடனே மாறும்.

ஆர்.சி.யில் இரண்டு எண்கள்

ஆர்.சி.யில் கியூபிக் கெபாசிட்டியும் சிலிண்டர் எண்ணிக்கையும் இருக்கும். அவ்வளவு போதும். இதை போட்டோவாக வாட்ஸ்அப்பில் வாங்கிவிட்டால் பாதி வண்டிகளுக்கு நேரில் போகவே வேண்டாம்.

999 சிசி, மூன்று சிலிண்டர் என்றால் ஈகோபூஸ்ட். 125 பி.எஸ். (குதிரைத் திறன்) டர்போ பெட்ரோல், ஓட்டினால் மனசு விடாது. ஆனால் அதன் டைமிங் பெல்ட் எண்ணெயிலேயே நனைந்து ஓடுவது. சரியான ஆயில் போடாமல், நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் பெல்ட் பிசுபிசுத்து உதிரும், உதிர்ந்த துகள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும், ஆயில் பிரஷர் விழும், இன்ஜின் முடிந்தது. 5டபிள்யூ-20 தர ஆயில்தான் என்று ஃபோர்டு சொல்லியிருப்பதை, "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று மாற்றி ஊற்றியவர்கள் உண்டு. கூலன்ட் குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டினாலும் இந்த இன்ஜின் மன்னிக்காது. 2013, 2014 ஈகோபூஸ்ட் வண்டிகளுக்கெல்லாம் பத்து வயது தாண்டிவிட்டது. பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லை என்றால், அந்த வேலைக்கான எஸ்டிமேட்டை மெக்கானிக்கிடம் வாங்கி விலையில் முழுசாகக் கழியுங்கள். 2018இல் வந்த ஈகோஸ்போர்ட் எஸ்ஸிலும் இதே இன்ஜின்தான்.

1.5 பெட்ரோல், நான்கு சிலிண்டர் என்றால் 2017 வரை வந்த பழைய டி.ஐ.-வி.சி.டி. இன்ஜின். மேனுவல் கியர் என்றால் சாதுவான வண்டி, பிக்-அப் சுமார். ஆட்டோமேட்டிக் என்றால் தொடாதீர்கள். அது பவர்ஷிஃப்ட் என்ற உலர் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். டிராஃபிக்கில் ஊர்ந்தால் உடம்பைக் குலுக்கும். அதைக் கட்டுப்படுத்தும் மாட்யூல் போனால் வண்டி நடுரோட்டில் நிற்கும். இந்தக் கியர்பாக்ஸ் பற்றிய புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அங்கே மாட்டிய மாடல்களில் ஈகோஸ்போர்ட்டும் ஒன்று. விலை எவ்வளவு இறங்கினாலும் சரி, நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

1.5 பெட்ரோல், மூன்று சிலிண்டர் என்றால் 2017 நவம்பர் ஃபேஸ்லிஃப்ட்டுக்கு அப்புறம் வந்த டிராகன் இன்ஜின், 123 பி.எஸ். இதில் வரும் ஆட்டோமேட்டிக் வேறு. சாதாரண டார்க் கன்வெர்ட்டர், தாராளமாக வாங்கலாம். ஸ்டீயரிங் பின்னால் கியர் மாற்றும் பேடில் இருக்கிறதா, டேஷ்போர்டு மேலே தனியாக நிற்கும் ஸ்கிரீன் இருக்கிறதா என்று பார்த்தாலே எந்தத் தலைமுறை என்று புரிந்துவிடும். இந்த இன்ஜினிலும் டைமிங் பெல்ட் எண்ணெயில்தான் ஓடுகிறது, ஆகவே ஆயில் மாற்றிய பில்கள் இங்கேயும் முக்கியம். ஊருக்குள் ஓட்டுபவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான், 2019க்குப் பிந்தைய மேனுவல்.

டீசல் என்றால் ஆரம்பத்தில் 91 பி.எஸ்., பிறகு 100 பி.எஸ். நெடுஞ்சாலையில் இதை அடிக்க இந்த விலையில் வேறு வண்டி இல்லை என்பது என் அபிப்பிராயம். சொந்த வண்டி என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தால் டைமிங் பெல்ட்டையும் கிளட்சையும் கேளுங்கள். 2020இலிருந்து பி.எஸ்.6 என்ற மாசு விதிப்படி வந்த டீசலில் புகை வடிகட்டி உண்டு. பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். உங்கள் ஓட்டமே அவ்வளவுதான் என்றால் டீசல் வேண்டாம்.

நேரில் போனால்

காலையில் போங்கள். வண்டியைத் தொட வேண்டாம், நாங்கள் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யலாம் என்று முந்தின நாளே சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் டீசலின் புகையும், குளோ பிளக் பிரச்சினையும், இன்ஜின் சத்தமும் வெளியே வரும்.

இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஓ.பி.டி. கருவி (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான எரர்களைப் படிப்பது) ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. பல ஆப்களில், கடைசியாக எரர் அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும். 4 கிலோமீட்டர் என்று வந்தால், நேற்று மாலை யாரோ செக் இன்ஜின் லைட்டை அணைத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றியதாகச் சொல்வார்கள். சில வண்டிகளில் உண்மையாகவும் இருக்கும். அப்படியானால் ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் கூப்பிடுங்கள், மறுபடி வந்து பார்க்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

ஈகோஸ்போர்ட்டுக்கே உரிய இடம் பின்கதவு. பெரும்பாலான வண்டிகளில் ஸ்டெப்னி அதில் தொங்குகிறது, கதவு பக்கவாட்டில் திறக்கிறது. முழுக்கத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியில் கை கொடுத்து மேலே தூக்குங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் கையில் தெரியும். அப்புறம் ஸ்டெப்னி கவருக்குப் பின்னால் கதவுத் தகட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். பின்னாலிருந்து ஆட்டோ லேசாக இடித்தாலும் முதல் அடி டயர் வழியாகத் தகட்டுக்குத்தான் போகும். வெளியே பம்பரில் ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே தகடு குழிந்திருக்கும். கதவைச் சாத்தி இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். திறக்கும் கைப்பிடி வலப்பக்க டெய்ல் லைட்டை ஒட்டி ஒளிந்திருக்கிறது. ஒரே அழுத்தில் திறக்கிறதா என்று நான்கைந்து தடவை அழுத்துங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். முன்னால் "டொக் டொக்" என்றால் சஸ்பென்ஷனில் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். செலவு பெரிதில்லை, பேரம் பேச உதவும். 2017 மே, ஜூனில் தயாரான சில வண்டிகளை லோயர் ஆர்முக்காகவே ஃபோர்டு திரும்ப அழைத்தது. அந்த மாதத்து வண்டி என்றால் வேலை முடிந்ததா என்று சேசிஸ் எண்ணை வைத்து சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடலாம். ஏ.சி.யை அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள்.

வெள்ளம்

தென் சென்னைப் பதிவு எண் கொண்ட வண்டி என்றால் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டு வெள்ளத்திலும் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து வெளியூர் கன்சல்டிங்குகளுக்குப் போயிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். மேல் பகுதி எப்போதும் வெளியே இருப்பது, சுத்தமாகத்தான் இருக்கும். உருளைக்குள் கிடக்கும் கடைசி முழத்தில் மண்ணிறக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பகுதியை யாரும் துவைப்பதில்லை. அப்புறம் சீட்டை முன்னே தள்ளி ரெயிலில் துரு இருக்கிறதா பாருங்கள். குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் ஃபியூஸ் பெட்டி இருக்கிறது. அங்கே சேறு காய்ந்த பொடி இருந்தால், அல்லது கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தால், மீதியைப் பார்க்கத் தேவையில்லை. வேளச்சேரியில் ஒரு வண்டியில் எல்லாம் சுத்தமாக இருந்தது, கார்ப்பெட்கூடப் புதுசு. பத்து வருட வண்டிக்குக் கார்ப்பெட் மட்டும் எதற்குப் புதுசு என்று கேட்டேன். "குழந்தை ஜூஸ் கொட்டிடுச்சு சார்" என்றார். நான்கு கால் பக்கமுமா?

காகிதமும் விலையும்

டயரில் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்டெப்னியைச் சேர்த்து ஐந்தையும் பாருங்கள். கண்ணாடிகளிலும் குறியீடு இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால், கடன் முடிந்தது என்று பேங்க் தரும் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட ஃபார்ம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். ஓனர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்குக் கெடுபிடி இருந்ததால் அங்கிருந்து வண்டிகள் மலிவாக வந்தன. இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, வேறு நம்பர் வாங்கி முடிப்பதற்குள் அந்த மலிவு கரைந்துவிடும். நிலுவையில் உள்ள சலான்களை பரிவாகன் தளத்தில் நீங்களே பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பவருடைய நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அதைச் சொல்லி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள்.

விலை பேசும்போது மற்ற வண்டிகளோடு ஒப்பிட்டு இழுக்காமல், மெக்கானிக் எழுதிக் கொடுத்த பட்டியலை எடுத்து வையுங்கள்: பெல்ட், கிளட்ச், டயர், பம்பர், இரண்டாவது சாவி இல்லை என்றால் அதுவும். நாளைக்கு விற்கும்போதும் வாங்குபவர் "ஃபோர்டு மூடிட்டான்ல" என்றுதான் ஆரம்பிப்பார், ஆகவே இன்றைக்கு அந்த வாசகத்தை நீங்கள் சொல்லுங்கள். சரி, விலை படிந்துவிட்டதா? பில்கள் இருந்தாலும் முதல் வாரமே ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உங்கள் கணக்கு அன்றிலிருந்து தொடங்கட்டும். பில்லில் ஆயிலின் கிரேடைத் தெளிவாக எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள்.