ராமர் பாலம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனுஷ்கோடியைத் தாண்டிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் வண்டியை விட்டு இறங்கியதும் பலர் கேட்பது, "பாலம் எங்கே?" சுற்றிலும் கடல்தான் தெரியும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறத்தாழ 30 கி.மீ. தூரத்துக்கு விட்டுவிட்டுக் கிடக்கும் மணல் திட்டுகளையும் சுண்ணாம்புப் பாறைகளையும்தான் ராமர் பாலம் என்கிறோம். பெரும்பகுதி தண்ணீருக்கடியில் கிடக்கிறது. அதன் வடிவம் செயற்கைக்கோள் படத்தில்தான் முழுதாகத் தெரியும்.

ராமன் பாலம் கட்டியதற்குச் சாட்சி தேடிப் போவதுதான் முதல் தவறு. சின்ன வயதில் காதால் கேட்ட கதையைக் கடல் காற்றிலும் வெயிலிலும் நின்று உணரத்தான் மனசு இங்கே இழுக்கிறது. அதற்கு இந்த மணல்முனையே போதும்.

'எது அசல் இடம்?' என்ற சண்டையும் வேண்டாம். ராமர் பாதம் ராமேசுவரம் கந்தமாதன பர்வதத்திலும் உண்டு, வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையிலும் உண்டு. இரண்டுமே தட்டையான கரையில் சற்றே உயர்ந்த மேடுகள். இலங்கைத் திசையை நோக்க ராமன் எங்கே ஏறியிருப்பான் என்று யோசித்தவர்களுக்கு அந்த மேடுகள்தான் கண்ணில் பட்டிருக்கும். கதை நிலத்தில் தங்கும் விதத்தை அங்கே நின்றால் புரிந்துகொள்ளலாம்.

நேரே ராமேசுவரம் போய்விட்டுத் திரும்புவதில் பெரிய இழப்பு இருக்கிறது. ராமநாதபுரத்துக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் திருப்புல்லாணி. கடலரசனிடம் வழி கேட்டு ராமன் தர்ப்பைப் புல்லில் படுத்த கோலம் அங்கேதான். பக்கத்திலேயே, பாலம் கட்டத் தொடங்கிய இடமாகச் சொல்லப்படும் சேதுக்கரை. வடகிழக்கில் தேவிபட்டினம், ராமன் நவக்கிரகங்களாக நிறுவி வழிபட்டதாகச் சொல்லப்படும் நவபாஷாணக் கற்கள் அங்கே கடலுக்குள் நிற்கின்றன. இவற்றைப் பார்த்துவிட்டுத் தீவுக்குள் போனால் கதை வரிசையாக விரியும்.

ராமநாதசுவாமி கோயிலில் முறை மாறக் கூடாது. முதலில் அக்னி தீர்த்தக் கடலில் குளியல், பிறகு உள்ளே 22 தீர்த்தங்கள், ஈர உடை மாற்றிய பிறகே கருவறை. மாற்றுடை இல்லாமல் போனால் தரிசனத்துக்கு முன் அல்லாட வேண்டிவரும். தரை வழுக்கும், முதியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு விடியற்காலை 5 மணிக்கே போக வேண்டும். பிற்பகலில் நடை சாத்தியிருக்கும்.

மிதக்கும் கல் என்று காட்டப்படுபவற்றில் பவளக் கல்லும் உண்டு. அதன் நுண்துளைகளில் காற்று அடைபட்டிருக்கும்வரை மிதக்கும். நினைவாக ஒரு துண்டு எடுத்துவருவது குற்றம்: கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரிலும் பவளக் கற்கள் இருக்கின்றன. அதையும் பெயர்க்காதீர்கள், ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு மனிதர்களைக் கடல் கொண்டுபோன ஊர் அது.

அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. ஒரு பக்கம் அமைதியான 'பெண் கடல்', மறுபக்கம் சீறும் 'ஆண் கடல்'. இரண்டும் சேரும் இடத்தில் நீரோட்டம் காலை வாரிவிடும். மாலையில் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ஆகவே பிற்பகல் 3 மணிக்குள் ராமேசுவரத்திலிருந்து கிளம்பிவிடுங்கள்.